சுவர் போல நின்ற ஆம்ப் எங்கே போனது?

2013 டிசம்பர் 8. அண்டார்க்டிகாவின் கிங் ஜார்ஜ் தீவில் அர்ஜென்டினா நாட்டின் கார்லினி ஆய்வு நிலையம். வெளியே பனி. உள்ளே வெளிச்சம் ஊடுருவும் ஒரு குவிமாடக் கூடாரத்துக்குள் சுமார் 120 பேர் நெருக்கியடித்து நிற்கிறார்கள். சிலர் விஞ்ஞானிகள், மற்றவர்கள் குளிர்பான நிறுவனம் ஒன்று நடத்திய போட்டியில் ஜெயித்துக் கப்பலேறி வந்த ரசிகர்கள். அவர்களுக்கு முன்னால் மெட்டாலிகா. சத்தத்துக்கென்றே பேர் வாங்கிய அமெரிக்க ராக் குழு.

அந்தக் கூட்டத்துக்காக ஓர் ஒலிபெருக்கிகூட அங்கே வைக்கப்படவில்லை. சுற்றுச்சூழலைக் கெடுக்கக் கூடாது என்பதால் பார்வையாளர்கள் அத்தனை பேரும் ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் கச்சேரி கேட்டார்கள். குழுவின் கிட்டார் கலைஞர்கள் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டும் கிர்க் ஹம்மெட்டும் வழக்கமாக முதுகுக்குப் பின்னால் அடுக்கும் ஆம்ப்ளிஃபயர் சுவரும் இல்லை. கிட்டார் ஒயர் போய்ச் சேர்ந்தது ஆக்ஸ்-எஃப்எக்ஸ் என்கிற, கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஒரு டிஜிட்டல் பெட்டிக்குள். ஊர் திரும்பிய பிறகும் குழு பழைய ஆம்ப்களுக்கு மாறிவிடவில்லை. அடுத்தடுத்த ஸ்டேடியம் டூர்களில் பல்லாயிரம் பேர் கேட்ட மெட்டாலிகா கிட்டார் அந்த வகைப் பெட்டியிலிருந்து வந்ததுதான்.

இதுமாதிரி பெட்டிகளுக்கு ஆம்ப் மாடலர் என்று பெயர். உள்ளே வால்வு கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது. பழைய மார்ஷல், ஃபெண்டர், வாக்ஸ் ஆம்ப்கள் கிட்டார் ஒலியை என்னவெல்லாம் செய்யுமோ அதைக் கணக்குப் போட்டுச் செய்யும் சிப்கள்தான் இருக்கும். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மேடைகளிலிருந்து ஆம்ப்கள் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருக்கின்றன. 2023 செப்டம்பரில் லாஸ் வேகாஸ் ஸ்ஃபியர் அரங்கில் யு2 குழுவின் தொடர் கச்சேரி தொடங்கியபோது மேடை கிட்டத்தட்ட வெறுமையாக இருந்தது. 1964ஆம் ஆண்டு தயாரான வாக்ஸ் ஏசி30 ஆம்பைத் தன் ஒலியின் உயிராகப் பல பத்தாண்டுகள் கட்டிக்காத்த அதன் கிட்டார் கலைஞர் தி எட்ஜ், அங்கே ஆம்ப் ஒலியை டிஜிட்டல் பெடல்களில் எடுத்துக்கொண்டார்.

டிஜிட்டல் ஒலி தேறிவிட்டது, அதனால் மாறிவிட்டார்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். அதில் பாதிதான் உண்மை. பெட்டி வருவதற்கு வெகுகாலம் முன்பே மேடையில் ஆம்புக்கு வேலை இல்லாமல் போயிருந்தது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆம்ப் ஏன் அவ்வளவு பெரிதானது என்பதைப் பார்த்தால் இது புரியும். 1965 ஆகஸ்டில் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் கச்சேரி. கூட்டம் சுமார் 55,600 பேர். பாட்டுக்கு, பேஸ்பால் ஆட்டத்தில் அறிவிப்புச் செய்யும் ஸ்டேடியம் ஒலிபெருக்கி. கிட்டாருக்கு, மேடையில் இருந்த 100 வாட் வாக்ஸ் ஆம்ப்கள். அவ்வளவு பெரிய மைதானத்தில் கடைசி வரிசை வரைக்கும் கிட்டாரைக் கொண்டுபோகும் பொறுப்பு அந்தப் பெட்டிகளின் தலையில். ரசிகைகளின் கூச்சலில் பாடகர்களுக்கே தாங்கள் வாசிப்பது கேட்கவில்லை.

இங்கிலாந்தில் அதே காலத்தில் தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷென்ட், இன்னும் சத்தம், இன்னும் சத்தம் என்று ஜிம் மார்ஷலிடம் நச்சரித்துக்கொண்டிருந்தார். மார்ஷல் டிரம்ஸ் வாசிப்பவர், டிரம்ஸ் வாத்தியார், லண்டன் ஹான்வெல்லில் இசைக்கருவிக் கடை வைத்திருந்தவர். டவுன்ஷென்டுக்காக 100 வாட் ஆம்ப் உருவானது. அதற்குக் கீழே எட்டு ஸ்பீக்கர் அடங்கிய ஒரே கேபினெட். சுமக்கிற பையன்களுக்கு முதுகு ஒடிந்தது. அதனால் நான்கு நான்கு ஸ்பீக்கராக இரண்டாக வெட்டி ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார்கள். ராக் இசை என்றதும் கண்முன் வரும் அந்த 'மார்ஷல் ஸ்டாக்' பிறந்த கதை இதுதான்.

அடுத்த பத்தாண்டுகளில் மைதானத்துக்கே ஒலி கொடுக்கும் பெரிய ஸ்பீக்கர் அமைப்புகள் வந்துவிட்டன. டிரம்ஸ், குரல், கிட்டார் எல்லாவற்றுக்கும் மைக் வைத்து, மிக்சர் வழியாகக் கூட்டத்துக்கு அனுப்புவது வழக்கமானது. கிட்டாரைக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோகும் கடமை அதோடு ஆம்பிடமிருந்து கழன்றது. கேபினெட்டின் துணிக்கு ஒட்டினாற்போல் ஒரு மைக், பெரும்பாலும் ஷூர் எஸ்எம்57. அது ஒரு ஸ்பீக்கரின் ஏதோ ஒரு புள்ளியில் பிடித்த ஒலிதான் கூட்டத்தின் காதுக்குப் போனது. பின்னால் எட்டு கேபினெட் நின்றாலும் மைக் இருந்தது ஒன்றிரண்டுக்கு முன்னால்தான். மீதியெல்லாம் பந்தா. பல குழுக்கள் உள்ளே ஸ்பீக்கரே இல்லாத காலிப் பெட்டிகளை அடுக்கிவைத்ததும் உண்டு.

இதைக் கேலி செய்வதில் கனடாவின் ரஷ் குழுவை யாரும் மிஞ்சவில்லை. அதன் பேஸ் கிட்டார் கலைஞர் கெடி லீ ஒலியை நேரடியாக மிக்சருக்கு அனுப்பத் தொடங்கியதும், அவர் பக்கத்து மேடை காலியாகிவிட்டது. மறுபக்கம் கிட்டார் கலைஞர் அலெக்ஸ் லைஃப்சனின் ஆம்ப்கள். கண்ணுக்குச் சமமாக ஏதாவது வேண்டுமே! 1990களில் குளிர்பதனப் பெட்டி வைத்தார். 2002 டூரில் துணி உலர்த்தும் மெஷின்கள், நிஜமாகவே உள்ளே துணி சுற்றிக்கொண்டிருக்க. 2007இல் கோழி வாட்டும் கண்ணாடி அடுப்புகள். சமையல்காரர் உடையில் ஒருவர் கச்சேரி நடுவே வந்து கோழிக்கு மசாலா தடவிவிட்டுப் போவார்.

சரி, தேவை இல்லாமல் போன பிறகும் ஆம்ப் ஏன் இவ்வளவு காலம் மேடையில் நின்றது? அதன் ஒலியை வேறெதுவும் தர முடியாததால். வால்வு ரேடியோ வைத்திருந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியும்: சுவிட்சைப் போட்டால் உடனே பாடாது, சூடேற வேண்டும். கிட்டார் ஆம்பும் அப்படித்தான். ஆனால் ரேடியோவில் வால்வு ஒலியைச் சிதைக்காமல் பெரிதாக்க வேண்டும். கிட்டார் ஆம்பில் சிதைவதுதான் அழகு. வால்யூமை முக்கால்வாசி திருப்பினால் வால்வுகள் தாக்குப்பிடிக்க முடியாமல் அலையின் தலையை மழுங்கடிக்கும். அந்த மழுங்கலில் புதிய ஹார்மானிக்ஸ் பிறக்கும். பவர் சப்ளையின் வோல்டேஜ் கொஞ்சம் தொய்ந்து, ஓங்கி அடித்த சுரம் ஒரு கணம் அழுந்தி மறுபடி எழும். அடுத்து 12 அங்குல ஸ்பீக்கர். அது 5,000, 6,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள இரைச்சலைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். ஸ்பீக்கரைத் தாண்டி டிஸ்டார்ஷன் ஒலியை நேராக மிக்சரில் செருகிப் பார்த்தவர்களுக்கு அது பாட்டிலில் அடைத்த வண்டுபோல எப்படிக் குடையும் என்று தெரியும்.

சிக்கல் என்னவென்றால், இந்த அழகு சத்தத்தோடு சேர்ந்தே வரும். 100 வாட் மார்ஷலை அது இனிக்கிற இடத்துக்குத் திருப்பினால் பக்கத்தில் நிற்பவர் காதில் 110 டெசிபெல்லைத் தாண்டும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியோஷின் கணக்குப்படி 85 டெசிபெல்லில் ஒருநாளைக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம். 100 டெசிபெல்லில் 15 நிமிடம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 1976இல் லண்டன் சார்ல்டன் மைதானத்தில் 32 மீட்டர் தூரத்தில் 126 டெசிபெல் பதிவாகி தி ஹூ கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. பிற்காலத்தில் கின்னஸ் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டது, போட்டி போட்டுக் காதைக் கெடுத்துக்கொள்வார்கள் என்று. டவுன்ஷென்டின் காது போனது. கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனுக்குக் காதிரைச்சல். 2016இல் ஏசி/டிசி பாடகர் பிரையன் ஜான்சனை, டூரைத் தொடர்ந்தால் காது முழுக்கப் போய்விடும் என்று டாக்டர்கள் பாதியில் நிறுத்தினார்கள்.

பெரிய மைதானத்தைவிட இருநூறு பேர் கொள்ளும் சின்ன அரங்கில்தான் இந்தத் தலைவலி அதிகம். கிட்டார் ஸ்பீக்கர் டார்ச் லைட் மாதிரி நேராக அடிக்கும். எதிரே உட்கார்ந்தவருக்குக் கிட்டார் மட்டும்தான் கேட்கும், ஓரத்தில் இருப்பவருக்குக் கேட்கவே கேட்காது. சவுண்ட் இன்ஜினீயர் மிக்சரில் கிட்டாரைப் பூஜ்யத்துக்கு இறக்கினாலும் மேடையிலிருந்து வருவதை என்ன செய்ய முடியும்? பாடகரின் மைக்குக்குள்ளும் அது ஒழுகும். 'கொஞ்சம் குறைங்க சார்' என்று இவர் கெஞ்ச, 'குறைச்சா டோன் போயிடும்' என்று அவர் முறைக்க, உலகத்தில் எந்த ஊர்ச் சவுண்ட் செக்கிலும் இந்தச் சண்டை உண்டு. பிராட்வே நாடக அரங்குகளில் இசைக்குழு அமரும் குழிகளிலும் அமெரிக்கத் தேவாலயங்களிலும் மாடலர் எளிதில் வேரூன்றியதற்கு இதுதான் காரணம். அங்கே வசனமும் பிரசங்கமும் கேட்டாக வேண்டும்.

காதுக்குள் செருகிக்கொள்ளும் இன்-இயர் மானிட்டர் பரவியதும் ஆம்பின் கடைசிப் பிடியும் தளர்ந்தது. கலைஞரே தன் ஆம்பை நேரில் கேட்பதில்லை, மைக் பிடித்து வருவதைத்தான் கேட்கிறார். அப்புறம் முதுகுக்குப் பின்னால் 36 கிலோ கேபினெட் எதற்கு?

எடை ஒன்றும் சின்ன விஷயமல்ல. ஃபெண்டரின் ட்வின் ரிவெர்ப் வால்வு ஆம்ப் சுமார் 29 கிலோ. 2019இல் ஃபெண்டர் நிறுவனமே அதே தோற்றத்தில், உள்ளே டிஜிட்டல் வைத்து 'டோன் மாஸ்டர்' என்று வெளியிட்டது. அது 15 கிலோ. ஃபின்லாந்தின் நியூரல் டிஎஸ்பி நிறுவனத்தின் குவாட் கார்டெக்ஸ் இரண்டு கிலோகூட இல்லை, லேப்டாப் பையில் அடங்கிவிடும். நம்மூர் உள்நாட்டு விமானத்தில் சாதாரண டிக்கெட்டுக்கு 15 கிலோ லக்கேஜ். வெளியூர்க் கச்சேரிக்குப் போகும் கிட்டார் கலைஞருக்கு இருக்கும் வழிகள் இரண்டு: அந்த ஊரில் வாடகைக்குக் கிடைக்கும் ஆம்பை நம்புவது, அல்லது பெட்டியை எடுத்துப்போவது. வாடகை ஆம்பில் போன வாரம் வால்வு மாற்றினார்களா, ஸ்பீக்கர் கிழிந்திருக்கிறதா என்பதெல்லாம் மேடையேறிய பிறகுதான் தெரியும். அமெரிக்காவிலிருந்து ஆசையாக வாங்கிவந்த ஆம்ப் என்றால் 120 வோல்ட்டுக்குத் தனியாக ஒரு டிரான்ஸ்ஃபார்மரையும் சுமக்க வேண்டும்.

பெட்டியின் கதை கேலியில்தான் தொடங்கியது. 1998இல் அமெரிக்காவின் லைன் 6 நிறுவனம் பாட் என்ற சிவப்பான, ராஜ்மா விதை வடிவப் பெட்டியை இறக்கியது. படுக்கையறையில் ஹெட்போன் மாட்டி வாசிக்கப் பிரமாதம். விற்றுத் தீர்ந்தது. மேடைக்காரர்கள் மட்டும் அதைப் பொம்மை என்றார்கள். ஒலி தட்டையாக இருந்தது, மெல்ல வாசித்தால் ஒரு மாதிரி, ஓங்கி வாசித்தால் ஒரு மாதிரி என்கிற உயிர்ப்பு இல்லை. சுவீடனின் மெஷுகா போன்ற மெட்டல் குழுக்கள் லைன் 6 கருவிகளை ஆல்பத்திலேயே துணிந்து பயன்படுத்தியது விதிவிலக்கு. 2006இல் கிளிஃப் சேஸ் என்ற மின்னணுப் பொறியாளர் தொடங்கிய ஃப்ராக்டல் ஆடியோவின் முதல் ஆக்ஸ்-எஃப்எக்ஸ் வந்தபோதுதான் தொழில்முறைக் கலைஞர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சர்க்யூட்டின் ஒவ்வொரு பகுதியும் மின்னழுத்தத்துக்கு எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்கிடுவது அதன் வழி.

ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கெம்பர் 2011இல் வேறு வழியில் வந்தார். வைரஸ் என்ற புகழ்பெற்ற சிந்தசைசரை வடிவமைத்தவர். அவருடைய பெட்டிக்கு ஆம்பின் சர்க்யூட் தெரிய வேண்டியதில்லை. உங்கள் ஆம்பை உங்களுக்குப் பிடித்த மாதிரி திருப்பி, மைக்கை வைத்து, ஒயரைச் செருகிப் பொத்தானை அழுத்துங்கள். பெட்டி ஆம்புக்குள் விசித்திரமான ஒலிகளை அனுப்பும். கீச்சென்று ஏறும், உறுமும், விட்டுவிட்டுத் துடிக்கும். அறைக்குள் விண்கலம் இறங்குவது போலிருக்கும். போனது என்ன, மைக் வழியாகத் திரும்பி வந்தது என்ன என்று ஒப்பிட்டு, ஓரிரு நிமிடத்தில் அந்த ஆம்பின் நடத்தையைப் படித்துவிடும். பிறகு ஆம்பைப் பூட்டிவைத்துவிட்டு அதன் 'புரொஃபைலை' எடுத்துக்கொண்டு டூர் போகலாம். நாஷ்வில்லின் கன்ட்ரி இசைக் குழுக்கள் அப்படித்தான் போகின்றன.

இதில் ஒரு குறும்பான விளைவு உண்டு. கலிஃபோர்னியாவில் ஹோவார்ட் டம்பிள் என்ற கைவினைஞர் தன் ஆயுளில் சுமார் 300 ஆம்ப்கள் மட்டுமே செய்தார். ஒவ்வொன்றும் கேட்டவரின் விரலுக்கேற்பச் செய்தது. இன்று சந்தைக்கு வந்தால் ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். யாரும் காப்பியடிக்கக் கூடாதென்று சர்க்யூட்டின்மேல் எபாக்ஸி பிசினை ஊற்றி மூடிவைத்தார். கெம்பர் வழி முறைகளுக்கு மூடியைத் திறக்கவே வேண்டாம், உள்ளே போவதும் வெளியே வருவதும் போதும். 2022இல் டம்பிள் காலமானார். இன்று கல்லூரி மாணவர்கூட ஒரு டம்பிளின் நகலைப் பதிவிறக்கி வாசிக்கிறார். 'நியூரல் ஆம்ப் மாடலர்' என்ற திறந்த மூல மென்பொருளை ஸ்டீவன் அட்கின்சன் இலவசமாகவே கொடுத்துவிட்டார். ஒரு கணினியும் ஆடியோ இன்டர்ஃபேஸும் இருந்தால் சரி.

நகல் என்று முகம் சுளிப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 1962இல் ஹான்வெல் கடையில் பிறந்த முதல் மார்ஷல் ஆம்பே ஃபெண்டர் பேஸ்மேனின் நகல்தான். அமெரிக்க ஆம்ப் இங்கிலாந்தில் கொள்ளை விலை. அதனால் அதே சர்க்யூட்டை உள்ளூரில் கிடைத்த பாகங்களை வைத்துக் கட்டினார்கள். பாகம் மாறியதால் ஒலி மாறியது, புது ராஜ்ஜியம் பிறந்தது. இன்றைய மாடலர்களில் வணிகப் பெயர்ச் சிக்கல் வராமலிருக்க மார்ஷல் 'பிரிட் ப்ளெக்ஸி' ஆகிவிடுகிறது, வாக்ஸ் ஏசி30 'எஸெக்ஸ் ஏ30' ஆகிவிடுகிறது. வாசிக்கிற யாருக்கும் ஆள் அடையாளம் தெரியாமலில்லை.

நியூரல் டிஎஸ்பி இன்னும் ஒருபடி போய் டீனா என்றொரு இயந்திரம் செய்தது. ஆம்பின் ஒவ்வொரு குமிழிலும் ஒரு மோட்டார் மாட்டப்படும். பேஸ், மிட், ட்ரெபிள், கெயின் என்று அதுவே திருகித் திருகி ஒவ்வொரு நிலையிலும் ஒலியைப் பதிவெடுக்கும். அலுக்காது, தூங்காது. ஆயிரக்கணக்கான நிலைகளைக் கேட்ட நரம்பு வலைப்பின்னல் இடைப்பட்டதையும் ஊகித்துக்கொள்ளும். குமிழைத் திருப்பினால் நகல் அசலோடு சேர்ந்தே நகரும்.

வால்வுக்கும் இதற்கிடையில் நெருக்கடி வந்தது. கிட்டார் ஆம்புக்கான வால்வுகளில் பெரும்பகுதி ரஷ்யாவின் சரடோவ், ஸ்லோவாக்கியாவின் சாட்சா, சீனா என்று விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களிலிருந்துதான் வருகிறது. உக்ரைன் போர் தொடங்கிய அடுத்த மாதமே, 2022 மார்ச்சில், ரஷ்யா அவற்றின் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. சரடோவ் தொழிற்சாலை அமெரிக்கரான மைக் மேத்யூஸுடையது. தடை பின்னர் தளர்ந்தாலும் அதற்குள் கடைகளில் இருப்பு காலி, விலை எகிறிவிட்டது. மாறலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த எத்தனையோ பேருக்கு அந்த மாதம் முடிவெடுத்துக் கொடுத்தது.

கூட்டத்தில் நிற்பவர் இதில் எதையும் இழக்கவில்லை. கண்ணைக் கட்டி வாசித்துக் காட்டினால் அசலையும் நகலையும் பிரித்துச் சொல்லத் தேர்ந்த காதுகளே தடுமாறுகின்றன. தாமதம் என்றொரு புகார் சொல்வார்கள். பெட்டி கணக்குப் போட எடுப்பது இரண்டு மூன்று மில்லி விநாடி. ஆம்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்றால் ஒலி காற்றில் நடந்துவரவே ஒன்பது மில்லி விநாடி ஆகும்.

இழப்பு வாசிப்பவருக்குத்தான். 100 வாட் ஆம்பின் முன்னால் நின்று ஒரு கம்பியைத் தட்டினால் கால்சட்டை படபடக்கும், கிட்டாரின் மரம் நெஞ்சில் அதிரும். ஸ்பீக்கரின் காற்று கம்பியை மறுபடி அதிரவைத்துச் சுரம் ஓயாமல் நீளும். கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் ஆம்பை நோக்கி நடந்ததும் திரும்பியதும் விலகியதும் வாசிப்பில் சேர்த்திதான். காதுக்குள் செருகிய சின்னக் குமிழால் அது முடியாது. அதனால்தான் பலர் பெட்டியின் வெளியீட்டை ஒரு பவர் ஆம்புக்கும் நிஜக் கேபினெட்டுக்கும் கொடுத்து மேடையோரத்தில் வைத்துக்கொள்கிறார்கள். கூட்டத்துக்காக இல்லை, தங்கள் முழங்காலுக்காக. குயின் குழுவின் பிரையன் மே இன்னும் ஏசி30களை விடவில்லை.

ஆயுளும் ஒரு கேள்வி. 1965இல் வாங்கிய ஃபெண்டரைச் சாலிடரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்த எவரும் இன்றும் பழுதுபார்ப்பார். முதல் ஆக்ஸ்-எஃப்எக்ஸ் தொழில்நுட்பத்தில் எப்போதோ பழசாகிவிட்டது. உள்ளே ஒரு சிப் போனால் மாற்றுச் சிப்பைத் தேடி அலைய வேண்டும். முந்நூறு ஆம்ப் நகல் இருக்கும் பெட்டியில் இரவு முழுக்கக் குமிழ் திருப்பிவிட்டு ஒரு பாட்டுகூட வாசிக்காமல் படுத்தவர்கள் ஏராளம். ஆம்ப் கெட்டால் ஆம்ப் மட்டும்தான் கெடும், மாடலர் உறைந்துபோனால் மொத்தக் கச்சேரியும் நிற்கும். பெரிய டூர்களில் அதே பெட்டி இன்னொன்று, அதே அமைப்புகளோடு, பக்கத்தில் தயாராக இருப்பது அதனால்தான்.

கம்பெனிகளின் பக்கம் கணக்கு முடிந்துவிட்டது. 2023இல் மார்ஷல் ஆம்ப்ளிஃபிகேஷனைச் சுவீடனின் ஜவுண்ட் இண்டஸ்ட்ரீஸ் வாங்கியது. மார்ஷல் பெயரில் ஹெட்போனும் புளூடூத் ஸ்பீக்கரும் செய்து வந்த நிறுவனம் அது. 2025 தொடக்கத்தில் இணைந்த குழுமத்தின் பெரும்பங்கைச் சுமார் 110 கோடி யூரோ மதிப்பில் எச்எஸ்ஜி முதலீட்டு நிறுவனம் வாங்கிக்கொண்டது. குழுமத்தின் வருமானத்தில் பெரும்பகுதி வரவேற்பறை அலமாரியில் உட்கார்ந்திருக்கும் சின்ன ஸ்பீக்கர்களிலிருந்து வருவது. தங்க எழுத்தில் மார்ஷல் என்று போட்டிருக்கும், பழைய ஆம்ப் போலவே தோல் போன்ற கறுப்பு உறை.

ஃப்ராக்டல் பெட்டியின் பட்டியலில் எஃப்ஏஎஸ் என்று தொடங்கும் சில ஆம்ப்கள் இருக்கின்றன. கிளிஃப் சேஸ் தானே வடிவமைத்தவை. எந்தத் தொழிற்சாலையிலும் அவற்றைச் செய்ததில்லை, வால்வு பொருத்தியதில்லை, எந்த மைக்கும் அவற்றின் முன்னால் நின்றதில்லை. மெட்டல் குழுக்களில் அவற்றை விரும்பி வாசிப்பவர்கள் இருக்கிறார்கள்.